நீந்தத் தெரிந்தவன்

என் தம்பி மன்னார்க் கடலில் வளர்ந்தவன். இந்தக் குளிர் நாட்டில் மல்வேர்ன் நகர்ப்பக்கம் வந்து பேக்கரி, கிடங்கு என்று மாறி மாறி ஷிப்ட் அடித்தாலும் வாயைத் திறந்தால் கடல்தான். கடைசியில் நாட்டின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்தில் நண்டு பிடிக்கிற போட் ஒன்றில் போய் ஏறினான்.

"உனக்கென்ன விசரே? ஐஸ் மிதக்கிற கடலடா."

"மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்க வேணுமோ, அக்கா?" என்று சிரித்தான்.

ஒருநாள் காலை, போட் கவிழ்ந்துவிட்டது, ஆட்களைத் தேடுகிறார்கள் என்று போன் வந்தது. அவன் மனைவி, என் மச்சாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஏனோ பயமே வரவில்லை.

"அழாதையும். அவன் நீந்தி வந்திடுவான்."

அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வந்த சொந்தக்காரரும் அதையே சொன்னார்கள். அவனோடு போட்டில் இருந்த, நீந்தத் தெரியாத வெள்ளைக்காரரை நினைத்துத்தான் பாவப்பட்டோம்.

பின்னேரம் மறுபடி போன் வந்தது. மற்ற எல்லோரும் உயிரோடு கிடைத்துவிட்டார்கள். தம்பியின் உடல்தான் கிடைத்தது. பிழையாகச் சொல்கிறீர்கள் என்று போனில் பேசியவரோடு சண்டை பிடித்தேன். அவன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வைத்தேன்.

செத்தவீட்டுக்குப் போட்டின் கப்டன் வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் மச்சாளுக்குத் தமிழில் சொன்னேன். போட்டில் எல்லோருக்கும் தடித்த ரப்பர் உடுப்பு உண்டாம். அது குளிரையும் தாங்கும், ஆளையும் மிதக்க வைக்கும். தண்ணீரில் விழுந்தால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்துதான் அவர்கள் தப்பினார்கள். அவர்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. போட் சரியத் தொடங்கியதும் தம்பி மட்டும் அந்த உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்திருக்கிறான். தூரத்தில் தெரிந்த இன்னொரு போட்டை நோக்கி நீந்தியிருக்கிறான். கத்திக் கூப்பிட்டும் திரும்பவில்லையாம்.

வள்ளம் கவிழ்ந்தால் முதலில் உடுப்பைக் கழற்று, ஈரத்துணி ஆளைத் தாழ்த்திவிடும் என்றுதான் எங்கள் கரையில் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அவன் அதைத்தான் செய்திருக்கிறான். இந்தக் கடலில் குளிர்தான் முதலில் கொல்லும் என்பது எங்கள் ஒருவர் மண்டையிலும் ஏறியிருக்கவில்லை.

மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

"இவருக்கு நீந்தத் தெரியாட்டி தப்பியிருப்பாரோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். கப்டன் அவளைப் பார்த்து, ஓம் என்று மெதுவாகத் தலையாட்டினார்.