நைனாவின் காலுக்காக

நான் காலால் பிறந்தவள். எல்லாப் பிள்ளைகளும் தலையை முன்னே நீட்டிக்கொண்டு உலகத்துக்கு வரும்போது, நான் மட்டும் கால்களை அனுப்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தேனாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் ஏழு வயதிலேயே எனக்கு ஒரு தொழில் இருந்தது. ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மணலில் குப்புறப் படுப்பார்கள். நான் ஏறி மூன்று தடவை மிதித்துவிட்டு இறங்குவேன். கை நிறையப் பொரியும் வெல்லமும் கிடைக்கும். ஒருமுறை பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்து ஒல்லாந்துச் சிப்பாய் ஒருவன்கூட வந்து சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தான். வெந்த இறால் நிறத்தில் இருந்த அந்த முதுகில் கால் வைத்தால் சுட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். மிதித்து இறங்கியதும் அவன் எழுந்து என்னைப் பார்த்து என்னவோ சொன்னான். அவன் பாஷை யாருக்கும் புரியாததால், புகழ்ந்துவிட்டுப் போகிறான் என்று ஊர் முடிவு செய்துகொண்டது.

நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா சலங்குக்காரர். பழவேற்காட்டில் கப்பல் கரைக்கு வராது. முகத்துவாரத்துக்கு வெளியே ஆழத்தில் நின்றுவிடும். கோட்டைக் கிடங்கிலிருந்து துணிச் சிப்பங்களை ஏற்றி, அலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோவது சலங்கு. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது. அதன் பின்முனையில் நின்றபடி நீளத் துடுப்பால் திசை பிடிப்பவர் நைனா. நிற்க முடியாதவருக்கு அங்கே இடமில்லை. அம்மா ஏரியில் இறால் பிடிப்பவள். தண்ணீரில் கழுத்துவரை குந்தி, இறாலைப் போட்டுவைக்கும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றை இரண்டு கையாலும் துழாவியபடி நகர்ந்து நகர்ந்து போவாள்.

ஒருநாள் பெரிய அலை ஒன்று சலங்கைத் தூக்கிச் சாய்த்தது. உள்ளிருந்த சிப்பம் ஒன்று உருண்டுவந்து நைனாவைப் பக்கப் பலகையோடு சேர்த்து அழுத்திவிட்டது. இரண்டு பேர் தோள் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலி இடுப்பில் கிளம்பி முழங்கால்வரை இறங்குகிறது என்றார் நைனா.

நைனாவின் அக்கா, என் அத்தை, எங்கள் வீட்டோடு இருந்தாள். "வூட்டுலயே மருந்த வெச்சுக்கினு இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க?" என்று என்னைத் தூக்கி நைனாவின் முதுகில் நிறுத்திவிட்டாள். வாசலில் கூட்டம். சொந்த நைனா ஆயிற்றே என்று நான் வழக்கத்தைவிட அழுத்தமாகவே மிதித்தேன். இரண்டாவது மிதியில் நைனா கத்தினார். அலையில் சலங்கு ஆட்களை அதட்டும் குரலைத்தான் நான் கேட்டிருக்கிறேன். இது வேறு குரல். மறுநாள் காலையில் அவரால் எழுந்து உட்காரவே முடியவில்லை.

நான் வலைக்குவியலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அடுத்த கப்பல் வருவதற்குள் நைனா நிற்காவிட்டால் துடுப்பு வேறு ஆள் கைக்குப் போய்விடும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எல்லாம் என் காலால் வந்தது என்று நான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அத்தை ஏரிக்கு அக்கரையிலிருந்து ஒரு அம்மாவைத் தோணியில் கூட்டிவந்தாள். சுளுக்கு எடுப்பது, எலும்பு கூட்டுவது, விழுந்தவர்களை நடக்கவைப்பது எல்லாம் அவர் வேலை. அவரைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள். நைனாவின் இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாவற்றையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "யாரு மிதிச்சது?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பெரியம்மா என் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்ல காலு. இனிமே ஓடுறதுக்கு வெச்சுக்க" என்று கீழே விட்டார். அவ்வளவுதான்.

நைனாவுக்கு எலும்பு எதுவும் உடையவில்லையாம். ஆனால் இப்படியே படுத்துக்கிடந்தால் கால் கட்டையாகிவிடுமாம். சுடுமணலைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு முழங்காலை மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுவரச் சொன்னார். பிறகு காலை நீட்டி மெல்லத் தூக்கி நிறுத்த வேண்டும். பிறகு இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி இடுப்பை மேலே எழுப்ப வேண்டும். தொட்டில் பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கொண்டு கிடக்க நைனாவுக்கு வெட்கம். வாசலை ஓலைத்தட்டியால் மறைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

இதுவரை எனக்குப் புரிந்தது. இதற்கு மேல்தான் குழப்பம்.

அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்தாள். ஒத்தட மணலைச் சூடாக்கப் போகிறாள். பெரியம்மா நைனாவின் காலை விட்டுவிட்டு அம்மா எழுவதையே பார்த்தார். திரும்பி வந்து உட்காருவதையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீயும் பக்கத்துல படு."

"நான் எதுக்குக்கா?"

"இவன் ஒத்தையா செஞ்சா ஏமாத்துவான். நீ செய்யி, உன்னப் பாத்து இவன் செய்யட்டும்."

"எனக்கு வேலை கீது."

"அப்போ இவனுக்குக் கொணமாவாது."

அத்தை வாயைப் பொத்திச் சிரித்தாள். அம்மா வேறு வழியில்லாமல் படுத்தாள். அதற்குப் பிறகு தினமும் இதே கூத்து. பெரியம்மா நைனாவிடம் "ம், நல்லா கீது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அம்மாவிடம் போய்விடுவார். அம்மாவின் காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, இடுப்பு மூட்டில் கட்டைவிரலை வைத்து, அங்குலம் அங்குலமாக உயர்த்துவார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். நோயாளி நைனா பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஓலைக்கூரையைப் பார்த்தபடி, தன் காலைத் தானே தூக்கிக்கொண்டிருப்பார்.

பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஆள் மாறிப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. இப்படியே விட்டால் நைனா எப்படி எழுந்திருப்பார்? ஒருநாள் துணிந்து அவருடைய சேலையை இழுத்து, "பெரியம்மா, வலி நைனாவுக்கு" என்றேன்.

"தெரியும் கண்ணு" என்றார் அவர், அம்மாவின் காலை விடாமலே.

பத்து நாள் கழித்து இருவரையும் ஏரியில் இறக்கினார். இடுப்பளவு தண்ணீரில் மெதுவாக நடக்க வேண்டும். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், காலுக்குப் பாரம் தெரியாது என்றார். முன்னால் நைனா, பின்னால் அம்மா, நடுவில் பெரியம்மா. பிறகு பின்புறமாக நடக்க வேண்டும். கரையில் நின்றவர்கள் வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் துணிகளுக்குக் காவலாகக் கரையோரம் உட்கார்ந்திருந்தேன். நைனா தூரத்தில் போய்விட்டார். அம்மாவும் பெரியம்மாவும் எனக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"எத்தினி நாளா கீது?" என்று கேட்டார் பெரியம்மா.

"இவ பொறந்ததுலேந்து" என்றாள் அம்மா.

"வூட்டுக்காரனுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லாதக்கா. இவளுக்குத் தெரியவே கூடாது."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவசரமாக ஒரு நண்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

நான் பிறந்ததிலிருந்து என்னவோ இருக்கிறது. அது எனக்குத் தெரியக் கூடாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நான் இவர்கள் பிள்ளையே இல்லையோ, அக்கரையிலிருந்து தோணியில் கொண்டுவந்தார்களோ, அதனால்தான் அக்கரைப் பெரியம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதோ என்றெல்லாம் நினைத்தேன். பொறுக்க முடியாமல் அத்தையிடம், "நான் பொறந்தப்போ இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

அத்தைக்கு அந்தக் கதை சொல்ல மிகவும் பிடிக்கும். "ரெண்டு நாளு உங்கம்மா துடிச்சா. மூணாம் நாளு மொதல்ல உன் காலு வந்துது. மருத்துவச்சி காலப் புடிச்சுத்தான் இழுத்தா. ஊரே வந்து உன் காலத் தொட்டுக் கும்புட்டுச்சு, தெரியுமா?" என்றாள்.

"அம்மா?"

"அம்மாவுக்கு இன்னா? மூணு மாசம் படுத்திருந்தா, எழுந்துட்டா."

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. ஆனாலும் நான் இவர்கள் பிள்ளைதான் என்பது உறுதியானதில் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

கப்பல் வந்தது. கோட்டையில் கொடி ஏறியது. சலங்குக்காரர்களின் தலைவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நைனா மணலில் நடந்துபோனார். லேசாகச் சாய்ந்துதான் நடந்தார், ஆனால் நடந்தார். பின்முனையில் ஏறிக் காலை அகட்டி நின்று துடுப்பைப் பிடித்தார். சலங்கு முதல் அலையில் ஏறி இறங்கியது. அவர் நின்றபடியே இருந்தார். அத்தை அழுதாள். காலால் பிறந்த பெண் மிதித்தது மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பெரியம்மா அதை மறுக்கவில்லை.

அத்தோடு அவர் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ எல்லோரையும் உட்காரவைத்து, சாமி வாக்குச் சொல்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "அவன் கடலுக்குப் போனாலும், இவ காலையில ஏரியில நடக்கறத நிறுத்தக் கூடாது. நிறுத்தினா அவன் காலு மறுபடி புடிச்சுக்கும்."

நைனா பயந்துபோனார். அம்மா நடக்கும் நேரத்தில் அவளுக்கு யாரும் வேலை வைக்கக் கூடாது என்று அத்தைக்குக் கட்டளை போட்டார். இரண்டு மாதம் அம்மா ஒருநாள் தவறாமல் நடந்தாள். அவள் இங்கே ஏரியில் நடந்தால் நைனாவின் கால் அங்கே கடலில் எப்படி நிற்கிறது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். விளங்கவில்லை. ஆனால் நிற்கிறதே!

பிறகு ஒருநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. நைனா அதற்கு முன்பே சலங்குக்குப் போய்விட்டார். முகத்துவாரத்தில் அலை உறுமுவது வீடுவரை கேட்டது. அம்மா வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி ஒரு நாளு வேணாம்" என்று அடுப்பு மூட்டப் போய்விட்டாள். இவ்வளவு அலையில், நடக்காமல் விட்டால், நைனா கால் மடங்கி விழுந்துவிடுவார். யாரிடமும் சொல்லவில்லை. நானே போய் ஏரியில் இறங்கினேன்.

அம்மாவுக்கு இடுப்பளவு இருந்த தண்ணீர் எனக்குக் கழுத்தளவு. முன்புறமாகப் பத்து அடி நடந்தேன். பிறகு முறைப்படி பின்புறமாக நடந்தேன். சேற்றில் கால் புதைந்தது. இழுத்தேன், வரவில்லை. வாயில் தண்ணீர் ஏறியது. "அம்மா" என்று ஒரு தடவைதான் கத்த முடிந்தது.

வீட்டு மேட்டிலிருந்து அம்மா வந்தாள். ஈர மணலில், சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஓடி வந்தாள். நிற்காமல் தண்ணீருக்குள்ளும் ஓடி, என்னைச் சேற்றிலிருந்து பிடுங்கி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறினாள். அதற்கு முன் அம்மா ஓடி நான் பார்த்ததில்லை. அவள் இடுப்பில் உட்கார்ந்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை.

"ஏன்டி எறங்குன?"

"நீ இன்னிக்கி நடக்கலியே. நைனா காலு இன்னா ஆவறது?"

அம்மா திரும்பி, வீட்டிலிருந்து தண்ணீர்வரை மணலில் பதிந்திருந்த தன் காலடிகளைப் பார்த்தாள். மழை அவற்றை நிரப்பிக்கொண்டிருந்தது.

"ஓடியாந்தேன்டி" என்றாள்.

"இனிமே எறங்க மாட்டேம்மா" என்று அழுதேன்.

"அங்கேந்து இங்க வரைக்கும் ஓடியாந்தேன். பாத்தியா?"

"பாத்தேம்மா. இனிமே எறங்கவே மாட்டேன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா என்னைக் கீழே இறக்கிவிடவும் இல்லை. வீட்டுப் பக்கம் போகாமல், இடுப்பில் என்னை வைத்தபடி, கொட்டுகிற மழையில் கரையோடு நடந்துகொண்டே இருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. தண்ணீரில் இறங்கியது அவ்வளவு பெரிய குற்றமா என்று விளங்காமல், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வழி நெடுக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன்.