அக்காவின் ரத்தத்தில் ஏறிய புரதம்

என் அக்காவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்பது அவளைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அறுத்து எடுத்ததைச் சாதாரணக் கட்டி என்றார்கள். பிறகு ஏற்றிய மருந்தைச் சத்து மருந்து என்றார்கள். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் கணவர், என் மாமா, போட்ட உத்தரவு.

குருவிநத்தத்தில் எங்கள் அப்பா கொடுத்த நிலத்தில் கரும்பு போட்டுத் தனியாகக் கட்டி ஆண்டவள் அவள். அவளிடமா மறைப்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு மாமாவும் நானும் உள்ளே போனோம்.

"வளர்ச்சிக் காரணின்னு ஒரு புரதம். கட்டி தனக்கு ரத்தக்குழாய் வளர்த்துக்க அதைச் சுரக்கும். ஆராய்ச்சிக்காக அளந்துட்டு வர்றோம். இந்தத் தடவை ஏறியிருக்கு. அதை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம். ஆனா ஸ்கேன்லயும் கல்லீரலுக்குப் பரவினது தெரியுது" என்றார் டாக்டர்.

மாமா தலையாட்டினார்.

"இத அக்காகிட்ட சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

"நீ சும்மா இரு. பொம்பள, தாங்க மாட்டா" என்றார் மாமா.

நான் கதவைத் திறந்து அக்காவைக் கூப்பிட்டேன். டாக்டர் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அவள் அழவில்லை.

"என் ரத்தத்துல இன்னா இருக்குதுன்னு இவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. அப்படித்தானே?"

அவள் மாமா பக்கம் திரும்பினாள். அதுவரை அவரை மரியாதையில்லாமல் ஒரு வார்த்தை பேசாதவள்.

"எழுந்து வெளிய போய்யா."

அவர் போனார். இனி தரும் மருந்து நோயைத் தீர்க்குமா என்று கேட்டாள். கொஞ்சம் தள்ளிப்போடும், தீர்க்காது என்றார் டாக்டர்.

அடுத்த வாரமே பாகூர் பத்திரப்பதிவு ஆபீசுக்குப் போய் நிலத்தை மகள் பேருக்கு எழுதிவைத்தாள். மாமா சத்தம் போட்டார். "ஒடம்பு என்னுது, நெலம் என்னுது. நீ இன்னாத்துக்குக் கத்துற?" என்றாள். மருந்தைக் கரும்பு வெட்டு முடியும் வரை எடுத்துக்கொண்டாள். அதன்பின் வேண்டாம் என்றாள். ஆடி பிறக்குமுன் போய்விட்டாள்.

சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் மாமா என்னைக் கைகாட்டினார். "இவ சொல்லவச்சதாலதான் மனசொடிஞ்சி செத்தா. தெரியாமலே போயிருந்தா நிம்மதியா போயிருப்பா."

"அவ நோயில செத்தா, மாமா. நிம்மதி அவளுக்கில்ல, உனக்குத்தான் போச்சு" என்றேன்.

ஊர்ப் பெரியவர்கள் என்னைத்தான் அதட்டினார்கள். அக்கா மகள் மட்டும் வந்து என் பக்கத்தில் நின்றாள்.