நண்பன் நிரப்பித் தந்த காற்று

1996ஆம் ஆண்டு மே 12, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஆவடி சர்ச்சில் காலைப் பூசை முடித்து, கறி வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு, வெள்ளானூருக்குக் கிளம்பினேன்.

அங்கே தெரிந்த விவசாயி ஒருவரின் கிணற்றில் கயிறு அறுந்து மோட்டார் விழுந்துவிட்டது. கோடையிலும் வற்றாத, ஆழமான கிணறு. பாதாளக் கரண்டி போட்டும் சிக்கவில்லை. கத்திரித் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. அலுவலக வேலையாக லட்சத்தீவு போனபோது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் மூழ்கும் ஸ்கூபா கற்று, பழைய சிலிண்டர் ஒன்றையும் வாங்கி வந்திருந்த என்னை அவர் கூப்பிட்டார். கடலில் நான் இறங்கியது சில முறைதான். இருந்தும் ஒப்புக்கொண்டேன்.

சிலிண்டரில் காற்று நிரப்பத் துறைமுகத்துப் பக்கம்தான் போக வேண்டும். அம்பத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த என் நண்பன் முந்தின நாள் ஸ்கூட்டரில் எடுத்துப்போய் வந்திருந்தான். அளவுமானி நன்றாகவே ஏறியிருந்தது. கிணற்றடிக்கு என்னோடு வந்திருந்த அவனைப் பாராட்டினேன்.

"பாதி ரொப்பறதுக்குள்ள அங்க கரண்ட் பூட்ச்சு மச்சான். மீதிய நம்ம பட்டறைல வெல்டிங் சிலிண்டர்லேர்ந்தே ஏத்திகினு வந்தேன். ரெண்டையும் சேக்க ஒரு நிப்பிள் கடைஞ்சு மாட்டுனேன், ஏறிக்கிச்சு. உனக்கோசரம் சுத்தமான ஆக்சிஜன். ரொம்ப நேரம் தாங்கும்."

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஆக்சிஜன் கூடுதலாகச் சேர்த்த காற்றை வெளிநாட்டில் பயன்படுத்துகிறார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் சிலிண்டர் கூடுதல் நேரம் வராது. உடம்பில் சேரும் நைட்ரஜன்தான் குறையும். அதற்கும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கருவியால் அளந்து, எவ்வளவு ஆழம் போகலாம் என்று கணக்கிட வேண்டும். எங்களிடம் கருவியும் இல்லை, கணக்கும் இல்லை.

"ஆசுபத்திரில அதத்தான குடுக்குறாங்க? அப்பறம் இன்னாப்பா பயம்?" என்றார் விவசாயியின் மனைவி.

"மேல இருந்தா ஒண்ணும் இல்லக்கா. ஆழத்துல அதே ஆக்சிஜன் வலிப்பு வர வெச்சுடும். வாயில இருக்கற குழாய் நழுவுனா முடிஞ்சுது."

நண்பனின் முகம் வெளுத்தது. "அப்ப நானே உன்ன சாவடிக்கப் பாத்தனா?"

வேடிக்கை பார்க்க வந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை, ஆக்சிஜனில் தீ பிடித்துக்கொள்ளும் என்று தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, வால்வை மெதுவாகத் திறந்தேன். அது சீறி அடங்கும்வரை அவன் கிணற்று மேட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

விவசாயி அவன் தோளில் கை வைத்தார். "மோட்டார் எங்கயும் ஓடிப்பூடாது நைனா. கத்திரி காஞ்சா இன்னொரு வாட்டி வெச்சிக்கலாம். எந்திரி, வந்து கூழு குடி."

குடித்தோம். காலி சிலிண்டரோடு திரும்பினோம்.

புதிதாக இறங்குபவர்கள் ஆக்சிஜன் கூட்டிய காற்றைப் பயன்படுத்தலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அதற்கான பயிற்சி முடியும்வரை சாதாரணக் காற்றே போதும் என்பேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் மறுநாள் காலைதான் கண்முன் வரும். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு முதல் வேலையாக இருவரும் துறைமுகத்துக்குப் போனோம். எனக்கான காற்று முழுதாக ஏறி முடியும்வரை, டீ குடிக்கக்கூட நகராமல் அவன் அங்கிருந்த கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.