ஜன்னலோரம் யாரும் நிற்பதில்லை

தட்டைக் கையில் ஏந்தி, சமையலறை மேடையருகே நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாள். வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. அது கணினிக்கு முன்னால் கிடக்கிறது. "ஒருத்திக்கு எதுக்கு மேஜையும் மண்ணாங்கட்டியும்? நின்னா நாலு வாயில வேலை முடிஞ்சிரும்" என்பாள்.

குடியிருப்பில் அவளுக்குக் 'கம்ப்யூட்டர் அக்கா' என்று பெயர். வீடியோ கேம் உருவாக்குகிறவள் என்றால் யாருக்கும் பிடிபடுவதில்லை. பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவளும் முகம் சுளிக்காமல் சரிசெய்து தருகிறாள். கதவைத் தட்ட ஆள் வருகிறதே, அதுவே பெரிது.

அலுவலக வேலையை விட்டுவிட்டுத் தன்னந்தனியாக அவள் செய்த விளையாட்டு இது: வீட்டைக் காலிசெய்யும் ஒரு பெரியவரின் சாமான்களை நாம் பெட்டிகளில் அடுக்க வேண்டும். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கடைசிப் பெட்டி வண்டியேறியதும் அவரும் போய்விடுவார். இதை விளையாடுகிறவர்கள் முழுசாகப் படம்பிடித்து இணையத்தில் போடுகிறார்கள். பார்க்கக் கூட்டம் அள்ளுகிறது. "அழுதுட்டேன். முடிவு தெரிஞ்சபிறகு வாங்கி என்ன பண்ண?" என்று பார்த்தவர்கள் கீழே எழுதுகிறார்கள். விற்பனைதான் படுத்துவிட்டது. இப்படியே போனால் பழைய அலுவலக வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"படத்தைத் தெருவுல போட்டுக் காட்டினா எவன்டி டிக்கெட் வாங்குவான்? எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு" என்று ஊரிலிருக்கும் அவளுடைய சொந்த அக்கா போனில் கத்துகிறாள்.

"தெருவுல காட்டலேன்னா இப்படி ஒண்ணு இருக்கறதே யாருக்கும் தெரியாதுக்கா."

ஆனாலும் வீடியோக்களை நீக்கக் கோரும் புகாரைத் தயாராக எழுதி வைத்திருக்கிறாள். அனுப்பப் போகும்போதெல்லாம், கடைசியாக ஒரு வீடியோ என்று உட்கார்ந்துவிடுவாள். காரணம் உண்டு. பெட்டி அடுக்குவதை விட்டுவிட்டுப் பெரியவர் அருகே சும்மா கொஞ்ச நேரம் நின்றால், அவர் திரும்பிப் பார்த்து ஒன்று கேட்பார். குரல் அவளுடையதுதான், கட்டையாக்கிப் பேசியது. படம்பிடிக்கிறவர்கள் யாரும் நிற்பதில்லை. நின்றால் பார்க்கிறவர்கள் ஓடிவிடுவார்களாம். "'இங்க கொஞ்சம் நில்லுங்க'ன்னு ஒரு வரி எழுதி வெச்சாத்தான் என்ன?" என்று அக்கா கேட்டதற்கு, "சொல்லி நிக்க வெச்சா அது நிக்கறதாக்கா?" என்றாள்.

இன்று மதியமும் தட்டை மேடையில் வைத்துவிட்டு, கடைசியாக ஒன்று என்று திறந்தாள். பேர் தெரியாத ஒரு பையன்; பார்ப்பவர்களும் சொற்பம். "பசி உயிர் போகுது, இருங்க வந்துடறேன்" என்று விளையாட்டைப் பெரியவர் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். திரையின் மூலையில், அவன் முகம் தெரிந்த சின்னக் கட்டத்தில், இப்போது காலி நாற்காலி. 

அவன் தட்டோடு வந்து உட்காரவும் பெரியவர் திரும்பிப் பார்க்கவும் சரியாக இருந்தது.

"சாப்பிட்டியா?"

வாய்க்குக் கொண்டுபோன கை நின்றது. "இப்பத்தான் உட்கார்றேன்," என்றான் பையன் மெதுவாக. "நீங்க?"

அவள் வீடியோவை அங்கேயே நிறுத்தினாள். சமையலறைக்குப் போய்த் தன் தட்டை எடுத்து வந்தாள். கீபோர்டைத் தள்ளி இடம் பண்ணி, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.