மாமன் கலந்த பெட்ரோல்

பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு கொப்பரைக் களத்தை விட்டு நானும் அப்பாவும் நடந்துகொண்டிருந்தோம். அப்பாவின் முதுகில் சருகு ஊதும் மிஷின், என் கையில் பெட்ரோல் கேன். களத்துக்காரர் எங்களைத் துரத்திவிட்டிருந்தார். துரத்தினார் என்று சொல்வதுகூடத் தப்பு. "ஏனுங்க, இதுக்கு எங்கூட்டுச் சீமாத்துல கூட்டுனாலே தேவலைங்களே. வெயிலுக்கு முந்திப் போயிட்டு வாங்க" என்று சொல்லி, ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். எங்கள் பக்கம் அப்படித்தான். இளநீரைக் குடித்துவிட்டு ரொம்ப தூரம் வந்த பிறகுதான் வேலை போனது உறைக்கும்.

மிஷினுக்கு வந்த சீக்கு விநோதமானது. கயிற்றை இழுத்தால் உடனே எடுத்துக்கொள்ளும். சும்மா விட்டால் சீராக ஓடும். விசையை அழுத்தினால் மட்டும் முக்கும், புகையும், அடங்கிப்போகும். களத்துச் சருகு இருந்த இடத்திலேயே லேசாகப் புரண்டு படுத்துக்கொண்டது.

அது மாமனுடைய மிஷின். அம்மாவின் அண்ணன். தன் தோப்புக்கு வாங்கியதை அப்பா பிழைக்கட்டும் என்று கொடுத்திருந்தார். அதற்கு முன் பெருந்துறையில் ஒரு கம்பெனி, காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் என்று சுற்றிவிட்டு, அப்போது மாமன் தோட்டத்து மோட்டார் ரூமில் இருந்தோம். நான் ஐந்தாவதோ ஆறாவதோ. எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று கேட்டால் யோசிக்கவேண்டும். மறுநாள் காலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை சொல்லியிருந்தார்கள். பெண் வீட்டார் வருவதற்குள் புல்வெளியை ஊதிச் சுத்தமாக்கிக் காட்டினால் வேலை நிரந்தரம், பின்பக்கம் ஓர் அறையும் உண்டு. "அந்த ரூம் கெடைச்சா வாரேன். இல்லாட்டி நானும் பையனும் அண்ணன்கிட்டயே இருந்துக்கறோம், நீங்க ஊர் சுத்தீட்டு வாங்க" என்று அம்மா சொல்லியிருந்தாள். கோபத்தில் சொல்லவில்லை, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

ரோட்டோர டீக்கடைக்கு எதிரே புளியமரத்தடியில் அப்பா மிஷினை இறக்கினார். ப்ளக்கைக் கழற்றினார். கருப்பாக, ஈரமாக இருந்தது. துடைத்துப் போட்டார். பழையபடியே முக்கியது. காற்று வடிகட்டியைத் தட்டினார். தேங்காய் மஞ்சித் தூசி கொட்டியது. மறுபடியும் முக்கல்தான்.

"ஏனுங்க, வயித்து வலிங்களா அதுக்கு?" என்றார் டீ மாஸ்டர்.

"பசியா இருக்கும்னு பாத்தனுங்க. செரிக்காம கெடக்குதாட்ட இருக்குது" என்றார் அப்பா.

மிஷினை ஓடவிட்டு, சைலன்சருக்கு எதிரே சற்றுத் தள்ளி உள்ளங்கையைக் காட்டினார். என்னையும் காட்டச் சொன்னார். தூங்குகிறவனுடைய மூச்சு போல ஏதோ வந்தது, அவ்வளவுதான். சூடு ஆறியதும் சைலன்சரைத் திறந்தார். புகை வெளியேறும் வாயில் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு கம்பி வலை. வலை என்று அவர் சொன்னதால்தான் தெரிந்தது. வலைக்கண்ணே தெரியாமல் கரி தார் போல அடைத்திருந்தது.

அப்பா கேனைத் திறந்து மோந்து பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். பிறகு சிரித்தார்.

எனக்கும் விளங்கியது. அந்த மிஷினுக்குப் பெட்ரோலில் லிட்டருக்கு ஒரு மூடி எண்ணெய் கலந்தால் போதும், கூடினால் கரியாகி வலையை அடைக்கும். பெட்ரோலைக் கலந்து தருவது மாமன். அவர் வீட்டில் போதும் என்று இலையை மறைத்தால் கைமேலேயே நெய் விழும். மிஷினுக்கும் அதே பந்திதான்: ஒரு மூடி ஊற்றி, முகத்தைப் பார்த்து, இன்னொரு மூடி.

வலையை மட்டும் குறட்டில் பிடித்து, டீக்கடை அடுப்பில் சிவக்கக் காட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினார். விசையை அழுத்தியதும் ரோட்டுப் புளியஞ்சருகு மொத்தமும் எழுந்து ஓடியது. கடை பெஞ்சில் இருந்த பேப்பரும் கூடவே போனது.

"கடையவே கூட்டிப்போட்டீங்களே, சாமி!" என்று மாஸ்டர் பேப்பருக்குப் பின்னால் ஓடினார்.

வீட்டுக்குப் போனதும் மாமன் கேட்டார். "என்னாச்சுங்க மாப்ள, மக்கர் பண்ணுச்சாமே?"

"ப்ளக்குல கசடுங்க மச்சான்."

"பாத்தீங்களா! எண்ணெய நான் கணக்குப் பாக்காம ஊத்தறதால ப்ளக்கோட போச்சு. இல்லாட்டி இஞ்சினே போயிருக்குமுங்க."

"ஆமாங்க மச்சான்" என்றார் அப்பா. நான் வலையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் தலையைத் தடவுகிற மாதிரி அமுக்கிவிட்டார். இவ்வளவு தெரிந்தவர் ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மண்டபத்தில், பெண் வீட்டு வேன் வருவதற்குள் புல்வெளி பச்சையாகிவிட்டது. மேனேஜர் சாவியைக் கொடுத்தார். அம்மா பின்னறையைத் திறந்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, அணைத்து, கூட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் மாமன் வண்டியில் வந்தார். அறையையும் தங்கையையும் மாறிமாறிப் பார்த்தார். "இனி நம்ம ஊட்டுப் பக்கம் வரமாட்டீங்க" என்றார். புதுசாகக் கலந்து கொண்டுவந்த ஒரு கேன் பெட்ரோலை அப்பாவின் கையில் கொடுத்தார். "வாராவாரம் நானே கொண்டாந்து தாரனுங்க. நீங்க கலந்தா எண்ணெயக் கொறச்சுப்போடுவீங்க."

"உங்க கைப்பதம் எங்களுக்கு வராதுங்க மச்சான்" என்று அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மாமனுடைய வண்டி திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டுக் கேனை என்னிடம் கொடுத்தார். "கண்ணு, இதுல பாதிய வேற கேன்ல ஊத்தி வெச்சுப்போட்டு, இதுல வெறும் பெட்ரோல ஊத்தி நெப்பீரு. வாராவாரம் இது உன் வேல. மாமன் போனதுக்கப்புறந்தான் செய்யோணும்."

அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலைக்குப் போய்விட்டேன். முதலில் பார்த்த வேலை அதுதான். அதை நான் மெக்கானிக் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.