மரை ஏறினால் போதுமா

பணிமனையில் அவளை எல்லோரும் டார்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்துக்குக் குடிநீர் வரும் சுரங்கக் கால்வாயில் இறங்கி விரிசல் பார்க்கிறவர்களின் கைவிளக்குகள் அத்தனையும் அவள் பொறுப்பு. இறங்குகிறவர்களில் அவள் வீட்டுக்காரரும் ஒருவர். அதனால் விளக்கு விஷயத்தில் அவளிடம் தாட்சண்யம் கிடையாது.

விளக்கு செய்த கம்பெனி உதிரி பாகம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. சேதி காதில் விழுந்த கையோடு, மின்சாமான் கடை வைத்திருக்கும் அவள் தம்பி ஒரு பெட்டி நிறைய பின்மூடிகளோடு வந்து நின்றான். விளக்கின் அடியில் திருகுகிற மூடி. சுவிட்சும் ஸ்பிரிங்கும் அதற்குள்தான். வேறு யாரோ செய்தவை.

"பாருக்கா, அச்சு அசல். உன் விளக்குக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி."

திருகினாள். மரை வழுக்கிக்கொண்டு ஏறியது. வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். பிறகு விளக்கை எரியவிட்டு மேசை விளிம்பில் லேசாகத் தட்டினாள். வெளிச்சம் கண் சிமிட்டியது.

"பேட்டரி மட்டம்க்கா."

அதே பேட்டரியோடு பழைய மூடியைத் திருகித் தட்டினாள். வெளிச்சம் அசையவில்லை. பெட்டியின் மேலாக இன்னும் இரண்டை எடுத்தாள். இரண்டும் அதே கதைதான். ஸ்பிரிங்கை விரலால் அமுக்கினால் அமுங்கியது, முழுசாக எழும்பவில்லை.

"மரை ஏறினா போதுமாடா? ஏணியில இறங்கறப்ப சுவத்துல இடிக்கும். இடிச்சா அணையும். எடுத்துட்டுப் போ."

"கூடப் பிறந்தவன்னுதானே இந்த இளக்காரம்? வேத்தாள் கொண்டு வந்தா வாங்கியிருப்ப."

"வேத்தாள்னா முதல் மூடியிலேயே வாசலைக் காட்டியிருப்பேன்."

சொன்ன பிறகுதான் வார்த்தையின் சூடு அவளுக்கே உறைத்தது. தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

"கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர், ராத்திரி விஷயத்தைக் கேட்டுவிட்டு.

"உள்ள இறங்கறது நீங்க. நான் பதம் பாத்துக்கிட்டு இருக்கவா?" சொன்னாளே தவிர, அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பின் தம்பி போனை எடுப்பதே இல்லை. பழைய மூடிகள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. இதைக் கழற்றி அதில் மாட்டி எத்தனை நாள் ஓட்டுவது? கடைசியில் ஒரு விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு தம்பி கடைக்கே போனாள்.

"என்ன வேணும் மேடம்?"

சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துவிட்டாள். "மூடிதான். நல்ல மூடி."

அதே பெட்டியை அவன் எடுத்து வைத்தான். உள்ளே மூடிகள் இரண்டு பைகளில் பிரிந்து கிடந்தன. "உன்னைப் பொய்யாக்கணும்னு ஆத்திரத்துல எல்லாத்தையும் தட்டிப் பாத்தேன். பாதி சிமிட்டுது, பாதி நின்னு எரியுது. ரெண்டு சரக்கைக் கலந்து மொத்த வியாபாரி என் தலையில கட்டிட்டான்."

அவள் ஸ்பிரிங்குகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நல்லவற்றில் கம்பி ஒரு மயிரிழை கூடுதல் தடிமன். அன்று அவள் கைக்கு வந்தவை மூன்றும் மெலிந்தவை. மூன்றும் தடித்தவையாக வந்திருந்தால்? மொத்தப் பெட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, சிமிட்டுகிற ஒன்றை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து அனுப்பியிருப்பாள்.

"மூணை வச்சு முடிவு கட்டினது என் தப்புடா."

"நான் ஒண்ணைக்கூடப் பாக்காமத்தானே கொண்டு வந்தேன்" என்றான் அவன், குரல் இறங்கி.

இருவரும் உட்கார்ந்து மறுபடி ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். அவனுடைய நல்ல பையிலிருந்து ஒன்றை எடுத்து அவள் தள்ளி வைத்தாள். "அது நல்லாத்தானே இருக்கு?" என்றான். அதை அவன் கையில் கொடுத்தாள். தட்டினான், இன்னொரு தரம் தட்டினான், இம்முறை சிமிட்டியது; அவனே அதைக் கழிசலில் போட்டான்.

புதிய மூடியோடு கால்வாயில் இறங்கி ஏறிய வீட்டுக்காரரிடம், "எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"ஒரு தடவைகூட அணையல. ஆனா சுவிட்சு ரொம்ப இறுக்கம். கட்டைவிரல் விண்ணுனு வலிக்குது."

சாயங்காலம் போனில் அதை அப்படியே தம்பியிடம் ஒப்பித்தாள்.

"குறை சொல்லாம இருக்கவே தெரியாதா உங்க வீட்ல?" என்று எரிந்து விழுந்தான். ஆனால் போனை வைக்கவில்லை.