தண்ணீர் பட்டால் வெடிக்கும் சரக்கு

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. சாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். புகையிலை இலையின் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, அவற்றின் சுவரைக் கரைத்து எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சுவர் போனால்தான் நாங்கள் வடிவமைத்த மரபணுவை உள்ளே நுழைத்து, செல்லைப் பச்சையாக ஒளிர வைக்க முடியும். பட்டாசு ஊரில் பிறந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டு மாதமாக ஒன்றும் அமையவில்லை. "சுவர் போச்சுன்னு இன்னைக்குக் காட்டு. இல்லேன்னா தலைப்ப மாத்திரு. வெத மொளைக்கிறத எண்ணு" என்று எனக்கு வழிகாட்டியாக இருந்த சார் கறாராகச் சொல்லிவிட்டார். விதை எண்ணவா எம்.எஸ்ஸி.? அதற்கு வீட்டிலேயே உட்கார்ந்து மொச்சை உரித்திருக்கலாம்.

சுவரைக் கரைக்கும் நொதி ஒரு சிட்டிகைதான் மிச்சம். அதையும் போட்டேன். சாயங்காலம் நுண்ணோக்கியில் பார்த்தால், செல்கள் பச்சை உருண்டைகளாக மிதந்தன! சுவரில்லாத செல் வெறும் தண்ணீரைக் குடித்து உப்பி வெடித்துவிடும் என்பதால் இனிப்புக் கரைசலில்தான் வைத்திருந்தேன். அந்தச் சோதனைக் குழாயை மேசைமேல் விட்டுவிட்டு சாரைக் கூப்பிட ஓடினேன்.

இருவரும் வந்து பார்த்தால், ஆய்வகம் துடைக்கும் அக்கா குழாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனியில் பல வருடம் இருந்தவர். அங்கே மிஞ்சிய வெடிமருந்தை நனைக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்களாம்.

"ஐயோ அக்கா!"

"என்ன தாயி பதறுறீக? மிச்ச மருந்த அப்பிடியே வச்சிட்டுப் போகலாமா? வெடிச்சா யாரு பதில் சொல்றது?"

"தண்ணி ஊத்துனாத்தான்க்கா இது வெடிக்கும்!"

அக்கா குழாயை என் கையில் திணித்துவிட்டு ஒரே ஓட்டமாக வாசலுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து முட்டின.

சார் குழாயை வாங்கி, ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"ஒரு உருண்டகூட மிச்சமில்ல. உள்ள இருந்த பச்சை மட்டும் செதறிக் கெடக்கு."

"தெரியும் சார்."

"என்ன தெரியும்? செவரு இருந்திருந்தா வெடிச்சிருக்குமா? போ, புதுசா நொதி வாங்க எழுதிப் போடு."

புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் வாசலுக்கு ஓடி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினேன்.

"எல்லாம் வெடிச்சிருச்சுக்கா! ஒண்ணு விடாம வெடிச்சிருச்சு!"

அக்காவின் முகம் வெளிறிப்போனது. "ஆளுகளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.